வந்ததா, வந்தாளா: ஒரு பேய் நாவலைப் பழுதுபார்த்த குறிப்பு

வேலைக்கு எடுத்த கையெழுத்துப் படி 38 அத்தியாயம், 1,12,000 சொல். களம் யாழ்ப்பாணத்து நவக்கிரி, புத்தூர்ப் பக்கத்துச் செம்பாட்டுத் தோட்டங்கள். நடுவே ஒரு வீட்டுக் கிணறு, கிணற்றுக்குள் ஒன்று. கதை ஐந்து பேரின் கண்ணால் நகர்கிறது: வீட்டுக்காரத் தாய் (9 அத்தியாயம்), வைரவர் கோயில் பூசாரி (8), இறைப்பு மிசின் ஓட்டுகிற பெடியன் (7), நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வந்து நிற்கும் மகள் (8), கிணற்றுக்குள் இருப்பது (6).

முதல் வாசகர்கள் மூன்று பேர். மூவரும் சொன்ன குறை ஒன்றுதான்: எல்லாரும் ஒரே ஆள் மாதிரிக் கதைக்கினம், பேய்கூட. அத்தியாயத் தலைப்பில் ஆளின் பெயரைப் போட்டுவிட்டால் கண் மாறிவிடும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட படி அது. தமிழில் கண் தலைப்பில் மாறுவதில்லை. சுட்டு, வினைமுற்று, முறைப்பெயர் இந்த மூன்று இடத்திலும்தான் மாறும். கீழே இருப்பது அந்த மூன்றையும் கழற்றிப் பூட்டிய விபரம். அதற்கு முன் செய்ய வேண்டியிருந்த சில பெரிய வேலைகளும் உண்டு.

சாமானும் வரிசையும்

ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த மட்டைக் கொப்பி), ஐந்து நிறப் பென்சில், பிறிஸ்டல் போட் என்ற தடித்த அட்டை இரண்டு, அடிமட்டம், கதை நடக்கும் ஆண்டின் பஞ்சாங்கம், இரட்டை இடைவெளி விட்டு ஒற்றைப் பக்கமாக அச்சடித்த முழுப் படி. கணினியில் லிப்ரே ஒபிஸ் போதும்.

வரிசை முக்கியம். பேயின் சட்டம், நாட்காட்டி, எத்தனை கண் என்ற முடிவு, ஒழுக்கு அடைத்தல், விகுதி, எழுத்துப்பிழை. இந்தப் படியில் முதலில் வசனத்தைத் திருத்தத் தொடங்கி இரண்டு கிழமை வீணானது. அழகாக்கிய பக்கங்களில் 40 பக்கம் பிறகு தூக்கி எறியப்பட்டது. கூரை பிரிக்கப் போகிற வீட்டுக்கு வெள்ளை அடித்த கதை.

பேயின் சட்டம்

படியில் இருந்த பேய்க்கு வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், மல்லிகை வாசம். மூன்றும் சினிமாச் சாமான், மூன்றையும் எடுத்தாயிற்று. அதைவிடப் பெரிய பழுது, அந்தப் பேயால் எல்லாம் ஏலும் என்பது. ரொறன்ரோவில் மகள் கண்ட கனவுகூட அதற்குத் தெரிந்திருந்தது. எல்லாம் ஏலுமான பேய் இரண்டாம் அத்தியாயத்திலேயே எல்லாரையும் முடித்திருக்கலாமே, ஏன் 38 வரை பொறுத்தது? வாசகர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்.

சட்டத்தை நிலத்திலிருந்தே எடுத்தோம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல். மழைநீர் கல்லுக்குள் இறங்கிக் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. நவக்கிரியின் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது ஊரறிந்தது. கைபன்–ஹெர்ஸ்பெர்க் என்ற கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால் கீழே 40 அடி வரை நன்னீர் நிற்கும். கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூட என்பதுதான் காரணம். மேல்மட்டம் 1 அங்குலம் இறங்கினால் கீழே உப்பு காலப்போக்கில் 40 அங்குலம் ஏறும். வெடிப்பும் குகையும் உள்ள கல்லில் கணக்கு இவ்வளவு சுத்தமாக நடவாது. நாவலுக்கு அந்த ஒழுங்கீனமும் நல்லது.

ஆகவே சட்டம் இது: கிணற்றில் இருப்பது நன்னீரும் உப்பும் சந்திக்கும் தட்டில் இருக்கிறது. மிசின் கூட ஓடினால் ஏறும், மழை பெய்தால் இறங்கும். தண்ணீரை விட்டு வெளியே வராது. அள்ளிய தண்ணீரோடு போகும்: கேத்திலுக்குள், குடத்துக்குள், கழுவிய நிலத்தில், குடித்தவனின் உடம்பில். குடித்த தண்ணீர் வியர்வையாகவோ மூத்திரமாகவோ போகும் மட்டும்தான் உடம்பில் இருக்கலாம்.

இவ்வளவையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, 38 அத்தியாயத்தையும் அதோடு ஒப்பிட்டதில் 17 இடம் சட்டத்தை மீறியது. உதாரணம், 24ஆம் அத்தியாயத்தில் பெடியன் மூன்று நாள் உரு ஆடுகிறான். ஒரு செம்புத் தண்ணீர் மூன்று நாளைக்குக் காணாது. இப்போது அவன் நான்கு தரம் குடிக்கிறான். நான்காம் தரம் தெரிந்துகொண்டே குடிக்கிறான். பழுதை அடைக்கப் போட்ட ஆணி கதைக்கே தூணாகிவிட்டது.

பயத்தின் படிக்கட்டும் இந்தச் சட்டத்தில் இருந்தே கிடைத்தது. முதலில் சவுக்காரம் நுரைக்காது. பிறகு தேத்தண்ணியில் ஒரு கரிப்பு. பிறகு வெங்காயத் தாளின் நுனி கருகும். கடைசியில் சீமெந்து நிலத்தில் ஈரக் காலடி. காய்ந்தபின் அதே காலடி வெள்ளையாக, உப்பாக. முதல் மூன்றும் உவர் ஏறிய எந்தக் கிணற்றிலும் நடக்கக்கூடியவை. நான்காவது மட்டும்தான் கற்பனை. மூன்று உண்மைக்கு ஒரு பொய் என்ற அளவு இந்தப் படிக்குச் சரியாக இருந்தது. இரண்டுக்கு இரண்டு போட்ட அத்தியாயங்களில் பயம் வரவில்லை.

தாயின் இளமைக்காலத்துக்கும் சட்டம் வேலை செய்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வீடுகளில் ஜாம்போத்தல் விளக்கு எரிந்த காலம்; மிசின்களும் ஓய்ந்தன. அப்போது கிணற்றில் இருப்பது தூக்கம். கரண்ட் வந்து மோட்டர் பூட்டிய பிறகு அது எழும்புகிறது. ஏன் இத்தனை வருடம் சும்மா இருந்தது என்ற கேள்விக்குப் படியில் இரண்டு பக்க விளக்கம் இருந்தது. அதை வெட்டி ஒரு வரி போட்டோம்.

நாட்காட்டி

உச்சக்கட்டம் மார்கழியில் இருந்தது. விடிய முன் திருவெம்பாவை, பனி, சங்கு என்று வடிவாகத்தான் இருந்தது. சட்டப்படி பார்த்தால் வடகீழ்ப் பருவமழை பெய்கிற மார்கழியில் கிணறு நிறைந்து, பேய் மிக ஆழத்தில் கிடக்க வேண்டும். வடிவைப் பார்த்துச் சட்டத்தை மாற்றுவதா, சட்டத்தைப் பார்த்து மாதத்தை மாற்றுவதா? மாதத்தை மாற்றினோம். ஆவணியில் தண்ணீர் அடியில், இறைப்பு உச்சத்தில். மகள் வந்திருப்பதும் நல்லூருக்குத்தான். 25 நாள் திருவிழா, தீர்த்தம் ஆவணி அமாவாசை. ஊர் முழுக்க நல்லூர் வீதியில் நிற்க, இங்கே நிலவில்லாத இரவில் ஒரு கிணற்றடி. இவ்வளவும் பஞ்சாங்கத்தில் சும்மா கிடந்தது.

நிலவுப் பிழைகள் ஆறு. 11ஆம் அத்தியாயத்தில் பறுவம் (பௌர்ணமி), ஆறு நாள் கழித்து 16இல் அமாவாசை. இடையில் பதினாலு, பதினைந்து நாள் வேண்டும். பறுவத்தன்று நிலவு பொழுதுபட எழும்பும், பிறகு நாளுக்குச் சராசரி 50 நிமிடம் பிந்தும். நான்காம் நாள் ஏழு மணிக்குப் பெடியனின் முகத்தில் நிலவு விழாது, ஒன்பதரை ஆகும். பேய்க்கதை வாசகர் நிலவை எண்ணுவார், மற்ற வாசகரைப் போல் மன்னிக்கமாட்டார்.

ஒரு கண்ணைப் பிடுங்கியது

பூசாரியின் எட்டு அத்தியாயமும் நன்றாக எழுதப்பட்டவை. மடை, நீற்றுப்பூசணி வெட்டிக் கழிப்புக் கழித்தல், வைரவருக்கு வடைமாலை எல்லாம் கைபட்ட விபரம். ஆனாலும் அவரின் கண்ணை எடுத்துவிட்டோம். கிணற்றைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தவனின் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு வாசகருக்கு அதை மறைப்பது ஏமாற்று. மறைக்காவிட்டால் மர்மம் எட்டாம் பக்கத்தில் முடியும். பல கண் நாவலில் அதிகம் தெரிந்தவரை வெளியே நிறுத்திப் பார்ப்பதே வழி. எட்டில் மூன்று அத்தியாயம் போனது. மூன்று பெடியனின் கண்ணுக்கும் இரண்டு தாயின் கண்ணுக்கும் மாறியது. இப்போது கணக்கு: தாய் 11, பெடியன் 10, மகள் 8, கிணறு 6. மொத்தம் 35.

கண் மாற்றும்போது பெயரை மட்டும் மாற்றி வைத்தால் அவிந்த சோற்றைத் திரும்ப உலையில் போட்ட மாதிரி இருக்கும். பழைய பக்கத்தைப் பார்க்காமல் எழுத வேண்டும். பூசாரி தேசிக்காயை வெட்டும்போது எந்த மந்திரம் என்று அவருக்குத் தெரியும். பெடியனுக்குத் தெரிவது, வெட்டிய தேசிக்காயில் சாறு வரவில்லை என்பது மட்டும். (படியில் அது எலுமிச்சம்பழமாக இருந்தது. பூசாரி வாயில் எலுமிச்சை, தாய் வாயில் நாற்காலி, ஜன்னல், சமையலறை. தேசிக்காய், கதிரை, யன்னல், குசினி என்று திருத்த ஒரு பின்னேரம் போனது.)

ஒழுக்கு

ஒருவரின் கண்ணில் நடக்கும் அத்தியாயத்துக்குள் இன்னொருவரின் மனது சொட்டுவதை ஒழுக்கு என்றே குறித்துக்கொண்டோம். கண்டுபிடிக்கும் முறை: ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறப் பென்சில். நினைத்தான், தோன்றியது, விளங்கியது, பயந்தாள், மறந்துவிட்டான் போன்ற உள்மனச் சொல் ஒவ்வொன்றையும் அந்த மனது யாருடையதோ அவருடைய நிறத்தால் கீறவும். ஒரு அத்தியாயத்தில் ஒரு நிறம்தான் இருக்க வேண்டும். இந்தப் படியில் 214 இடத்தில் வேறு நிறம் வந்தது. பாதிக்கு மேல் அத்தியாயங்களின் கடைசி மூன்று வரியில். வாசகரை அடுத்த பக்கத்துக்கு இழுக்க வேண்டும் என்ற அவசரத்தில் எழுதியவர் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே ஏறிவிடுகிறார்: "பின்னால் நின்றது என்னவென்று அவனுக்குத் தெரியாது." அவனுக்குத் தெரியாதென்றால் அதைச் சொல்வது யார்?

கண்ணுக்கு எளிதில் படாத ஒழுக்கும் உண்டு. தாயின் அத்தியாயத்தில் "என் கலங்கிய பெரிய கண்கள்" என்று வரும். தன் கண் பெரிதென்று அந்த நேரத்தில் எவள் நினைப்பாள்?

ஒரு துண்டு, பழையபடி:

"தாய் வாளியை விட்டாள். இழுக்கும்போது ஏதோ கனத்தது. தூரத்தில் நின்ற பெடியனுக்கு நெஞ்சு படபடத்தது. ஆழத்தில் அவள் கோபத்தோடு காத்திருந்தாள்."

நான்கு வரிக்குள் மூன்று மனது. தாயின் கண்ணில் திருத்தியது:

"வாளி தண்ணியிலை முட்டின சத்தம் கேட்டது. இழுத்தன். பாதிக்கு மேலை வரேல்லை. ஆரோ கீழை பிடிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி. படலையடியிலை தம்பி நிண்டவன். கையிலை இருந்த சாவி விழுந்தது, குனிஞ்சு எடுக்கவும் இல்லை."

பெடியனின் பயம் இப்போது சாவியில் இருக்கிறது. நெஞ்சு படபடத்ததைத் தாயால் பார்க்க முடியாது, சாவி விழுந்ததைப் பார்க்கலாம். அதே நொடி, பெடியனின் கண்ணில் (தாய் அவனுக்கு ஆச்சி):

"ஆச்சி கயிற்றை விடவில்லை. விட்டிருக்கலாம். ஒரு பிளாஸ்ரிக் வாளிதானே."

திணை

இந்தப் பழுதுபார்ப்பின் நெஞ்சு இதுதான். பேய் வந்தது என்பதா, வந்தாள் என்பதா? படியில் இரண்டும் கலந்து கிடந்தது, ஒரே பக்கத்தில்கூட. தமிழில் ஒவ்வொரு வினைமுற்றும் ஒரு தீர்ப்பு. வந்தது என்றால் அதை ஆளாக ஏற்கவில்லை. வந்தாள் என்றால் ஏற்றாயிற்று. வந்தா என்றால் மரியாதையும் கொடுத்தாயிற்று. பலருடைய கண்ணால் சொல்லும் பேய்க்கதைக்கு இதைவிட நல்ல கருவி வேண்டியதில்லை.

ஒரு அட்டவணை போட்டோம். பெடியனுக்கு முதல் ஒன்பது அத்தியாயமும் அது. நான்காம் செம்புத் தண்ணீர் குடித்த பிறகு அவ. மகளுக்குத் தொடக்கத்தில் அப்படி ஒன்றே இல்லை. அவளுடைய வரிகளில் எழுவாயே வராது, "சத்தம் கேட்கிறது", "நிலம் ஈரமாக இருக்கிறது" என்ற அளவோடு நிற்கும். கடைசி இரண்டு அத்தியாயத்தில்தான் அவள் என்று வரும். பூசாரியின் பேச்சில் எப்போதும் அது: "அது வந்திட்டுது." தாய்க்கோ முதல் அத்தியாயத்திலிருந்தே அவள். தாயின் வாயில் இரண்டாம் அத்தியாயத்தில் ஒருமுறை தவறி விழுகிறது: "மிசின் போட்டால் அவளுக்குப் பிடிக்காது." வாசிப்பவர் அதை வீட்டில் யாரோ ஒருத்தி என்று எண்ணித் தாண்டிப் போவார். இருபது அத்தியாயம் கழித்துத் திரும்பிப் பார்ப்பார்.

இதைக் கணினியில் மொத்தமாகத் தேடி மாற்றப் போனால் நடப்பது இதுதான். வந்தது என்பதை வந்தாள் என்று ஒரே அழுத்தில் மாற்றியதில் "கரண்ட் வந்தாள்", "கருவாட்டு மணம் வந்தாள்" என்று வந்தது. அது என்பதை அவள் ஆக்கியதில் அதுவரை என்பது "அவள்வரை" ஆனது, அதுவும் என்பது "அவள்வும்" ஆனது. பழைய படிக்குத் திரும்பி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றியதில் ஒன்பது நாள் சென்றது. குறுக்கு வழி இல்லை. வேலை தொடங்க முன் கோப்பைத் திகதி போட்டு வேறாகச் சேமிக்கவும்.

கூடவே -ஆம். தாய் கண்ணால் கண்டதற்கு "விழுந்தது", அயலில் கேட்டதற்கு "விழுந்ததாம்". இந்த ஒரு விகுதி இருக்கும்போது "என்று ஊரார் பேசிக்கொண்டார்கள்" தேவையில்லை. அப்படி 31 வரி போனது.

உது

யாழ்ப்பாணப் பேச்சில் இது, உது, அது மூன்றும் உயிரோடு இருக்கின்றன. உது என்பது கேட்பவரின் பக்கத்தில் இருப்பது. மகள் குசினிக்குள் தனியே நிற்கிறாள். தாய் முற்றத்தில் இருந்து கேட்கிறாள்: "உதார் உங்கை?" இரண்டே சொல். உன் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார் என்று அதற்குள் இருக்கிறது. படியில் இதே இடத்தில் "உன் பின்னால் யாரோ நிற்பது போல் இருக்கிறதே" என்று ஒரு நீளமான வரி இருந்தது, கூடவே இடியும் மின்னலும்.

உகரச் சுட்டைத் தாய்க்கும் பெடியனுக்கும் மட்டும் வைத்தோம். மகளின் நடையில் அது உதிர்ந்துபோய்விட்டது, கடைசியில் ஒருமுறை திரும்புகிறது. சென்னை வாசகருக்கு முதலில் உது தட்டச்சுப் பிழையாகப்பட்டது. சொல்விளக்கப் பட்டியல் போடாமல், முதல் இரண்டு தரமும் கையால் காட்டுகிற இடத்தில் வைத்ததில் மூன்றாம் தரம் அவருக்கே விளங்கியது. அவரைக் குழப்பிய இன்னொன்று "அம்மா பேசினா". இங்கே பேசுவது ஏசுவது. சும்மா கதைப்பது கதைப்பது. அதையும் மாற்றவில்லை. அடுத்த வரியில் மகளை அழ வைத்தோம்.

முறைப்பெயர்

பழந்தமிழில் என் தாய் யாய், உன் தாய் ஞாய், அவன் தாய் தாய். முறைப்பெயருக்குள்ளேயே யாருடைய கண் என்பது இருந்தது. இலக்கியத் தமிழ் அதை மறந்தாலும் யாழ்ப்பாணப் பேச்சு முழுக்க விடவில்லை: கொம்மா (உன் அம்மா), கொப்பர் (உன் அப்பா), கொக்கா (உன் அக்கா), கொண்ணை (உன் அண்ணன்) எல்லாம் முன்னிலைக்காரனின் உறவுகள்.

27ஆம் அத்தியாயம் இதனால் திருந்தியது. கிணற்றுக்குள் இருப்பவர்களில் ஒருத்தி தாயின் மூத்த மகள், இந்த மகளுக்கு அக்கா என்பது வெளிவரும் இடம். படியில் பெடியன் உரு வந்து ஆடி, 420 சொல்லில் தன் வரலாறு சொன்னான். "நான்தான் உன் அக்கா" என்றுகூட இருந்தது. இப்போது அவன் ஆடவில்லை. மோட்டரை நிறுத்திவிட்டு வந்து மகளிடம் ஒரு வரி சொல்கிறான்:

"அம்மாவைத் தண்ணி அள்ள விடாதை."

இருபது அத்தியாயமாக அவன் சொல்லி வந்தது "அக்கா, ஆச்சியை அள்ள விடாதையுங்கோ" என்ற மாதிரி. அக்கா என்ற விளி விழுந்தது, ஆச்சி அம்மாவானா, -உங்கோ மரியாதை போனது. வேறு யாருடைய மகளாக இருந்தாலும் "கொம்மாவை" என்றிருக்கும். மகள் பதில் சொல்லாமல் நிற்பதோடு அத்தியாயம் முடிகிறது. இந்த வரி வேலை செய்ய, முன்னே இருந்த இருபது அத்தியாயத்திலும் பெடியனின் விளியை ஒன்றுவிடாமல் சரிபார்க்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில் அவன் ஏற்கெனவே "அம்மா" என்று தவறிச் சொல்லியிருந்தால் எல்லாம் போச்சு. ஐந்து இடத்தில் சொல்லியிருந்தான்.

கிணற்றின் குரல்

ஆறு அத்தியாயம், ஒவ்வொன்றும் 3,000 சொல்லை ஒட்டி இருந்தவை, 900க்குள் வெட்டப்பட்டன. மனிதர் அல்லாத குரலை வாசகரால் நான்கு பக்கத்துக்கு மேல் தாங்க முடியாது. அதற்கு நிறம் தெரியாது, பெயர் தெரியாது, முகம் தெரியாது. தெரிந்தவை சூடு, உப்பு, பாரம், கல்லுக்குள்ளால் வரும் அதிர்வு. உவமை கிடையாது. வேறெதையும் அறியாத ஒன்று எதை எதனோடு ஒப்பிடும்?

நாம் என்ற சொல்லை அதற்கு மட்டும் ஒதுக்கினோம். இங்கே பேச்சில் அநேகமாக எதற்கும் நாங்கள்தான். நாம் என்றால் மேடையும் புத்தகமும். எனவே அது எங்கே வந்தாலும் கிணறு கதைக்கிறது என்று காது அறிந்துகொள்கிறது. வாளி இழுபட்ட அதே நொடி, கிணற்றில்:

"நாம் பிடித்தோம். பிடித்தது கயிறு. கயிற்றுக்கு மேலே சூடு. சூட்டின் பாரம் குறைந்திருக்கிறது, போன மழைக்கு இருந்ததைவிட."

தாய் மெலிந்துவிட்டாள் என்பதை அது இப்படித்தான் அறியும். ஆறாவது அத்தியாயத்தின் கடைசி வரியில் நாம் என்பது நான் ஆகிறது. அந்த ஒரு எழுத்தைக் காப்பாற்ற மற்றைய மூன்று குரல்களில் இருந்தும் 63 நாம்களைப் பிடுங்க வேண்டியிருந்தது.

யாருக்கு என்ன தெரியும்

பிறிஸ்டல் போட்டில் கட்டம் கீறி, இடப்பக்கம் கதையின் 27 இரகசியங்கள், மேலே நான்கு கண்ணும் ஐந்தாவதாக வாசகரும். ஒவ்வொரு கட்டத்திலும் எந்த அத்தியாயத்தில் தெரிய வருகிறது என்ற எண். வாசகரின் நிரலைப் பலர் விட்டுவிடுவார்கள். பதற்றம் அங்கேதான் இருக்கிறது. வாசகரின் எண் பாத்திரத்தின் எண்ணைவிடச் சிறிதானால் பதற்றம், பெரிதானால் மர்மம், இரண்டும் ஒன்றானால் வெறும் செய்தி. இந்தப் படியில் 19 இரகசியம் செய்தியாகக் கிடந்தது. மகள் 22இல் அறிவதை 14இல் பாவித்த மாதிரிப் பிழைகளும் நான்கு அகப்பட்டன.

ஒரே சம்பவத்தை ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணால் சொல்வது பதினொரு இடத்தில் இருந்தது. மூன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். இரண்டாவது சொல்லலில் புதிய தகவல் வரவேண்டும், முதலாவதின் மூன்றில் ஒரு பங்கு நீளத்தைத் தாண்டக்கூடாது. வாளி இழுபட்ட இடம் அந்த மூன்றில் ஒன்று.

சோதனை

தலைப்பை வெட்டிவிட்டு, 150 சொல் அளவில் 20 துண்டுகளைக் கலந்து, நாவலை வாசிக்காத ஒருவரிடம் ஆள்வாரியாகப் பிரிக்கக் கொடுத்தோம். உரையாடல் இல்லாத துண்டாக எடுக்க வேண்டும். திருத்த முன் 9 சரி. திருத்திய பின் வேறொருவரிடம் கொடுத்ததில் 17. தப்பிய மூன்றும் மகளுடையவை, பெடியனோடு குழம்பியவை. இருவரின் குரலும் எழுத்து நடையில் படர்க்கையாக இருந்ததால் வந்த வினை. மகளின் எட்டையும் தன்மை நிகழ்காலத்துக்கு மாற்றியதும் தீர்ந்தது. தாயின் குரலை முழுப் பேச்சுத் தமிழில் விட்டோம். 11 அத்தியாயம் என்பது அதற்கு எல்லை, அதைவிடக் கூடினால் வாசிப்பவரின் கண் களைக்கும்.

அச்சுக்கு முன்

படியின் முன்பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டு யூனிக்கோட்டுக்கு மாற்றப்பட்டது. மாற்றியில் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் ஔகாரக் குறியாக எடுத்துவிடும் பழைய வியாதி உண்டு. வெள்ளம் "வௌ்ளம்" ஆகும், வெளி "வௌி" ஆகும். திரையில் பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. தேடினால் மட்டும் அகப்படாது. தண்ணீரைப் பற்றிய நாவலில் வெள்ளமும் வெளியும் வெள்ளையும் எத்தனை வரும் என்று யோசியுங்கள். ஔகாரக் குறியை மட்டும் தேடி, வருகிற ஒவ்வொன்றையும் பார்க்கவும். பௌர்ணமி, மௌனம், சௌக்கியம் போலச் சிலதுதான் சரியானவை. அகப்பட்டது 388.

முடிவில் படி 93,000 சொல்லை ஒட்டி நின்றது. டெமி என்ற புத்தக அளவில் பக்கத்துக்கு 270 சொல் வரும்படி வைத்தால் 345 பக்கம். 16 பக்கம் கொண்ட அச்சுப் பாரம் 22, அதாவது 352 பக்கம். முன்பக்க விபரத்துக்கு மிச்சம் ஏழு. பழைய படி 26 பாரம் கேட்டிருக்கும்.

31ஆம் அத்தியாயத்தில் ஒரு ஒழுக்கு இன்னும் அடைக்கப்படவில்லை. மகளின் கண்ணில் நடக்கும் பக்கத்தில் "கிணற்றுக்குக் குளிர்ந்தது" என்று ஒரு வரி. நிறப் பென்சில் கணக்குப்படி அது கிணற்றின் நிறம். மகள் அப்போதுதான் முதல் செம்புத் தண்ணீர் குடித்திருக்கிறாள்.